ஓடத் தெரிஞ்ச நாய் ஏன் உக்காருது?

பயிரில் இலை மஞ்சளானால் உடனே மூட்டையைப் பிரித்து யூரியா வீசுவது ஒரு காலத்துப் பழக்கம். இயற்கை வழிக்கு வந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கிறோம். தண்ணி தேங்கி நிக்குதா, வேர்ல முடிச்சு இருக்கா, மண்ணு இறுகிக் கிடக்கான்னு பார்த்த பிறகுதான் கை வைக்கிறோம். ஆனா அதே காட்டைக் காவல் காக்கிற நாய் ரெண்டு வரப்பு ஓடி உக்காந்துட்டா மட்டும் வேரைப் பார்க்க நமக்குத் தோணுறதில்லை. “சோம்பேறி நாய்”, “இனம் சுத்தமில்ல”, “ஏமாத்தி வித்துட்டான்” என்று உடனே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

ஒன்றரை வயசு நாய் ஓடாமல் உட்காருவது குணம் இல்லை, அறிகுறி. அதற்குக் காரணம் உண்டு. பல நேரம் அந்தக் காரணம் நாம் அதைப் படுக்க வைத்திருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

எதற்கு இந்த நாய்கள்?

விருதுநகர், தூத்துக்குடி கரிசல் பக்கம் சிப்பிப்பாறையும் கன்னியும், ராஜபாளையத்தில் அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய வெள்ளை நாயும், தேனிப் பக்கம் கோம்பையும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்தவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஒல்லி இடுப்பு, ஆழமான நெஞ்சு, நீளக் கால் என்று சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே அமைந்தவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். முயல் வேட்டை, பன்றி வேட்டை எல்லாம் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது காவல் வேலையைப் பற்றி. மக்காச்சோளத்திலும் கடலையிலும் இறங்கும் பன்றிக் கூட்டத்தைக் குரைத்து விலக்க, ராத்திரி ஆள் வந்தால் சத்தம் கொடுக்க, ஆட்டுக் கிடையைச் சுற்றி வர. வேட்டை நாயின் ரத்தம் இன்றைக்கு நம் காட்டில் செய்யும் வேலை இதுதான். அந்த வேலைக்கும் மூச்சு வேணும்.

ஒரு கன்னி நாயின் கதை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி. மூணு ஏக்கர் மக்காச்சோளம், கொஞ்சம் கிணத்துத் தண்ணி. பதினாலு மாசக் கடுவன் கன்னி ஒன்று வைத்திருந்தார். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு. புரட்டாசி வரைக்கும் காத்து மாதிரி ஓடியது. மார்கழியில் கதிர் முற்றி, பன்றி இறங்குகிற நேரத்தில், ஒரு சுற்று ஓடியதும் வரப்பிலேயே படுத்துக்கொண்டது. சாப்பாட்டில் பெரிய குறை இல்லை. வாலும் ஆட்டியது. ஓட்டம் மட்டும் இல்லை.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. “வெயில் தாங்காதுப்பா” என்றார் ஒருவர். மார்கழிப் பனியில் ஏது வெயில்? “ஈரல் வாங்கிப் போடு, டானிக் குடு” என்றார் இன்னொருவர். பக்கத்துக் காட்டுப் பெரியவர் மட்டும் உறுதியாகச் சொன்னார்: “ஏலே, மோட்டார் சைக்கிள் பின்னால கட்டி ஓட்டு, தன்னால மூச்சு பழகும்.” பத்து நாள் அப்படியும் ஓட்டிப் பார்த்தாயிற்று. பதினோராம் நாள் நாய் எழுந்து நிற்கவே யோசித்தது. அதற்குப் பிறகுதான் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்.

டாக்டரம்மா முதலில் செய்த காரியம், மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தது. ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். இதற்குச் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது.

“அண்ணாச்சி, இதுக்கு மூச்சு குறையல. மூச்சைச் சுமக்கிற ரத்தம் குறைஞ்சிருக்கு. நாய் எங்க படுக்கும்?”

“மோட்டார் ரூம் ஓரமா மணல் குமிச்சிருக்கும்மா, கட்டட வேலைக்கு இறக்குனது. தொட்டித் தண்ணி வழிஞ்சு எப்பவும் குளுகுளுன்னு இருக்கும். அதுலதான் கெடக்கும்.”

“வெளிய போறது எப்படி இருக்கு?”

“கறுப்பா, தார் மாதிரி போகுது. ஈரல் போட்டோம்ல, அதனாலன்னு நெனச்சேன்.”

மலத்தைப் பரிசோதித்தார்கள். கொக்கிப் புழு முட்டை ஏராளம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 19. நல்ல நாய்க்கு 37-லிருந்து 55 வரை இருக்க வேண்டும். கிரேஹவுண்ட் போல ஓட்டத்துக்கென்றே உருவான இனங்களில் 50-க்கு மேலேயே சாதாரணமாக இருக்கும். பாதி ரத்தத்தோடு ஒரு நாய் பன்றி விரட்டிக்கொண்டிருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம்.

புழுவின் கணக்கு

கொக்கிப் புழு சுமாராக அரை அங்குல நீளம்தான் இருக்கும். சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமாராக 0.1 மி.லி. குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு புழு இருந்தால் நாளைக்கு 10 மி.லி., மாசத்துக்கு 300 மி.லி. பதினெட்டு கிலோ நாயின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். நாய் தின்னும் சோற்றில் ஊறும் புது ரத்தம் இந்தக் கணக்கை ஈடு கட்ட முடியாது. உள்ளே கசிந்த ரத்தம் செரித்து வெளியே வருவதால்தான் மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறது.

இந்தப் புழு நாயின் வயிற்றில் தானாகப் பிறப்பதில்லை. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, நிழலும் ஈரமும் மணலும் கிடைத்தால் சில நாளில் குஞ்சுப் புழுவாகிக் காத்துக்கிடக்கும். நாய் படுக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே போகும். நக்கினால் வாய் வழியும் போகும். தாயின் பாலில் இருந்தே குட்டிக்கும் வரும். அந்த மணலில் வெறுங்காலோடு நடந்தால் நம் தோலுக்கடியிலும் ஊர்ந்து கோடு கோடாக அரிப்பைக் கிளப்பும். விளையாடும் பிள்ளைகளுக்கும் அந்தக் குளுகுளு மணல் நல்லதில்லை.

அதனால் குட்டிக்குப் பிறந்த ரெண்டாவது வாரத்தில் தொடங்கி ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ரெண்டு மாசம் வரை, அப்புறம் ஆறு மாசம் வரை மாசம் ஒருமுறை, பிறகு மூணு மாசத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். மருந்து எடைக்குத் தக்கபடி இருக்கணும். மாட்டுக்கு வைத்திருந்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவது கணக்கில் சேராது.

கதை அங்கே முடியவில்லை

புழு மருந்து கொடுத்து, இரும்புச் சத்தும் முட்டையும் கொடுத்து, மணலை அள்ளியாயிற்று. நாலு வாரத்தில் 19 என்பது 27 ஆனது. ஈறு லேசாகச் சிவந்தது, நாய் ரெண்டு சுற்று ஓடியது. “சரியாப் போச்சு” என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மறுபடி சரிந்தது. உடம்பு சுட்டது, சிறுநீர் காப்பித் தண்ணி போலப் போனது. ரத்தம் 23-க்கு இறங்கிவிட்டது.

டாக்டரம்மா இந்தத் தடவை காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தார். முதல் தடவை காலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. காது நுனியின் மெல்லிய நாளங்களில் கிருமி கூடுதலாகச் சிக்கும். இப்போது சிக்கியது: பேபேசியா. சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி.

“புழு குடிச்சது ஒரு பக்கம், இது ஒடச்சது ஒரு பக்கம். ஒண்ணைக் கண்டுபுடிச்சதும் இன்னொண்ணு இல்லன்னு ஆயிராது அண்ணாச்சி” என்றார்.

நாம் மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. கண்டுபிடித்த காரணத்துக்கு வைத்தியம் செய்த பிறகும் ரத்தம் ஏறவில்லை என்றால், மருந்தைக் குறை சொல்லாமல் மறுபடி தேட வேண்டும்.

உண்ணி: சுவரில் வாழும் எதிரி

பேபேசியாவைக் கொண்டுவருவது உண்ணி. அதே உண்ணி எர்லிக்கியா என்ற இன்னொரு கிருமியையும் ஏற்றும். அது வந்தால் காய்ச்சல், மூக்கில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி என்று காட்டலாம். எதையும் காட்டாமல் மாசக் கணக்கில் நாயை இளைக்கவும் வைக்கலாம். ஹெப்பட்டோசூன் என்று மூன்றாவது ஒன்று உண்டு. அது உண்ணி கடித்து வருவதில்லை, உண்ணியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. பேபேசியாவில் ஒரு வகை, நாய்ச் சண்டையில் கடிபட்ட காயம் வழியாகவும், தாயின் வயிற்றிலிருந்து குட்டிக்கும் தாவும். ஆகவே “எங்க நாய் மேல ஒரு உண்ணிகூட இல்லையே” என்பது போதுமான பதில் இல்லை.

நாயின் மேலே நீங்கள் பார்க்கும் உண்ணி கொஞ்சம்தான். இந்தப் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து சுவர் விரிசல், கல் இடுக்கு, கூரை ஓலை என்று ஏறிவிடும். அங்கே தோல் உரித்து, வளர்ந்து, மறுபடி இறங்கி வரும். ஒரு பெண் உண்ணி ஆயிரத்துக்கும் மேல் முட்டை இடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு அதே மோட்டார் ரூம் சுவரோரம் கட்டினால், வரப்பை விட்டுவிட்டு நடுவில் மட்டும் களை எடுத்த கதைதான்.

வேறு என்னவெல்லாம் இருக்கலாம்?

ஈறு வெளுத்திருந்தால் ரத்தத்தைத் தேடுங்கள். ஈறு நல்ல நிறமாக இருந்தும் நாய் உட்கார்ந்தால் வேறு திசையில் தேட வேண்டும்.

வெயில்: நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். விடியக்காலம் ஓடி, நடுப்பகலில் மட்டும் உட்கார்ந்தால் காரணம் வெயில். ரெண்டு நேரமும் உட்கார்ந்தால் வெயில் இல்லை.

தீனி: கம்மங்கூழும் பழைய சோறும் மட்டும் தின்று ஓட்டக்கார நாய் ஓடாது. நாயின் நீண்ட ஓட்டத்துக்கு எரிபொருள் கொழுப்பு, தசைக்குப் புரதம். முட்டை, வேகவைத்த மீன், இறைச்சி, தயிர் ஏதாவது தினமும் சேரணும். ஓட விடுவதற்குச் சற்று முன்னால் வயிறு முட்டப் போடக் கூடாது. ஆழ்ந்த நெஞ்சு உள்ள இனங்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும்.

வெங்காயம்: மிஞ்சின சாம்பாரும் சட்னியும்தான் பல வீட்டில் நாய்ச் சோறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து சோகையாகும்.

பூஞ்சை: விலைக்குப் போகாத மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் நாய்க்கு வேகவைக்கிறோம். பூஞ்சை பிடித்திருந்தால் அதில் அஃப்ளாடாக்சின் இருக்கும். வேகவைத்தாலும் அது போகாது. ஈரலைக் கெடுக்கும். கண் வெள்ளை மஞ்சளானால் உடனே ஓடுங்கள்.

எலி விஷம்: நாம் வைக்காவிட்டாலும் பக்கத்துக் காட்டில் வைப்பார்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகை விஷத்தை நாய் தின்றாலும், அதைத் தின்று செத்த எலியைத் தின்றாலும், ரெண்டு மூணு நாள் கழித்துத்தான் தெரியும். வெளுத்த ஈறு, சோர்வு, இருமல், நெஞ்சுக்குள் ரத்தக் கசிவு. இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. நேரத்துக்குக் கொண்டுபோனால் பிழைக்கும்.

இருதயம்: பிறவியிலேயே ஓட்டையோ அடைப்போ உள்ள குட்டி, சின்னதில் நன்றாகவே விளையாடும், ஓட்டம் கூடும் வயசில்தான் காட்டிக்கொடுக்கும். ராத்திரி இருமல், மயங்கி விழுதல், வயிறு நீர் கோத்தது போல உப்புதல் இருந்தால் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கட்டும்.

வயசு: பெரிய நாய்களின் எலும்பு முற்ற ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும். எட்டு மாசக் குட்டியைத் தார் ரோட்டில் வண்டிக்குப் பின்னால் ஓட்டினால் அது உட்காருவது களைப்பில் இல்லை, மூட்டு வலியில்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியது

டாக்டரிடம் போகும்முன் ஒரு வாரம் இதைக் குறித்து வையுங்கள். ஒரு சின்ன நோட்டு போதும்.

1. ஈறு: காலையில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்.

2. தூக்கத்தில் மூச்சு: நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 30-க்கு மேல் போனால் இருதயம், நுரையீரல், சோகை என்று எதுவாகவும் இருக்கலாம்.

3. நாடி: பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் தட்டும். சும்மா படுத்திருக்கையில் நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 வரை சரி.

4. உடம்புச் சூடு: ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியில் 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் சரி. ஓடி வந்ததும் பார்க்காதீர்கள், அப்போது கூடத்தான் காட்டும்.

5. ஓட்டம்: எத்தனை சுற்றில் உட்கார்ந்தது, எந்த நேரம், எத்தனை நிமிஷத்தில் மூச்சு பழைய நிலைக்கு வந்தது.

6. மலம், சிறுநீர்: நிறம் எழுதுங்கள். புது மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள்.

ஈறு வெள்ளைத்தாள் போல இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போங்கள். போகும்போது “மலத்தையும் பாத்துருங்க, காது நுனியில ரத்தம் எடுத்து உண்ணிக் காய்ச்சலுக்கும் பாத்துருங்க” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

செய்யக் கூடாதது

உண்ணிக்காகப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் பூசும் பழக்கம் இன்னும் கிராமத்தில் இருக்கிறது. விஷம் தோல் வழி இறங்கும், நக்கினால் வாய் வழியும் போகும். வாயில் நுரை, தசைத் துடிப்பு, மூச்சடைப்பு என்று நாய் சாகும். காட்டுக்கே வேண்டாமென்று விட்ட விஷம் நாய்க்கு எதற்கு? மாட்டுக்குப் போடும் ஊசியைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடுவதும், நம் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையைக் கொடுப்பதும் அதே போல ஆபத்து. உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ சுட்டோ எடுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணியில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம்.

வேப்பெண்ணெய், வேப்பிலைக் கரைசல் எல்லாம் உண்ணி அண்டுவதைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் ரத்தத்துக்குள் புகுந்த கிருமியை அவை தொடாது. நாட்டு வைத்தியத்தின் மேல் மரியாதை உள்ளவர்கள்தான் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்.

இடத்தைத் திருத்துவோம்

நாய் படுக்கும் இடம் மேடாக, காய்ந்ததாக, வெயில் பட்டுப் போவதாக இருக்கட்டும். பழைய கட்டிலோ பலகையோ போட்டால் மண்ணோடு ஒட்டு குறையும். தொட்டி வழியும் தண்ணியை வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ திருப்பிவிடுங்கள். மலத்தைத் தினமும் அள்ளிக் குழியில் புதையுங்கள். காய்கறிப் பாத்திக்குப் போகும் உரக்குழியில் போட வேண்டாம். சுவர் விரிசலைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். முற்றத்தில் நாலு நாட்டுக்கோழி மேய்ந்தால் கீழே விழும் உண்ணியில் கொஞ்சம் அவை பொறுக்கிவிடும். புதுக் குட்டி வாங்கும்போது தாயின் ஈறையும் சேர்த்துப் பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள்; காட்டில் நரியும் தெருநாயும் குறுக்கிடும் நாய்க்கு அது கட்டாயம்.

அந்தக் கன்னிக்குப் பேபேசியா வைத்தியம் முடிந்து ரத்தம் 40-ஐத் தாண்ட சித்திரை ஆனது. அறுவடை அதற்குள் முடிந்துவிட்டது. அந்த வருஷம் மக்காச்சோளத்தில் பன்றி தின்றது தின்றதுதான். நாய் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. இந்தக் கிருமி முழுசாகப் போகாமல் உடம்பில் பதுங்கியிருந்து மறுபடி தலைதூக்கக் கூடியது என்பதால், மூணு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. சண்டைக்கு விடக் கூடாது, இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

நாட்டு நாய் இனங்களைக் காப்பாற்றணும்னு மேடையில் பேசுகிறோம். காப்பாற்றுவது குட்டி வாங்குவதோடு முடிவதில்லை. சந்தையில் “ஓடாத நாய்” என்று தள்ளிவிடப்படும் ஒவ்வொன்றிலும், வெறும் புழுவால் வெளுத்துப்போன நல்ல நாய் ஒன்று இருக்கலாம். வாயில்லா ஜீவன் தன் நோயைச் சொல்லாது, உட்கார்ந்து காட்டும். நாளைக் காலையில் கஞ்சி ஊற்றும்போது உங்கள் நாயின் மேலுதட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அரை நிமிஷ வேலைதான்.